போர்பன் விஸ்கி: லேபிளைப் படிப்பதிலிருந்து ருசித்துக் குடிப்பது வரை

போர்பன் வாங்கப் போகிறவர்களில் பலர் விலை, வயது, பாட்டிலின் அழகு ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். இந்த மூன்றும் அதிகம் உதவாது. லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் சில சொற்கள்தான் உதவும். அவற்றுக்குச் சட்டம் பொருள் வரையறுத்திருக்கிறது, அதனால் அவற்றை நம்பலாம். அந்தச் சொற்களைப் படிக்கப் பழகிவிட்டால் நடுத்தர விலையிலேயே மிக நல்ல விஸ்கி கிடைக்கும். எதை வாங்குவது, எப்படிக் குடிப்பது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், எது போர்பன்?

1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனைத் தன் நாட்டுக்கே உரிய தனிப் பொருள் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. கென்டக்கியில் செய்தால்தான் போர்பன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி இல்லை. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் செய்யலாம். ஆனாலும் மிகப் பெரும்பகுதி கென்டக்கியிலிருந்துதான் வருகிறது. அங்கே மக்கள்தொகை சுமார் 45 லட்சம். கிடங்குகளில் முதிர்ந்துகொண்டிருக்கும் பீப்பாய்களோ ஒரு கோடிக்கும் மேல்.

விதிகள் இவை. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்து வரும் சாராயம் 160 ப்ரூஃபைத் தாண்டக் கூடாது. பீப்பாய்க்குள் ஊற்றும்போது 125 ப்ரூஃபுக்கு மேல் இருக்கக் கூடாது. பீப்பாய் புதிதாக, ஓக் மரத்தில் செய்ததாக, உட்புறம் நெருப்பில் கருக்கியதாக இருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 80 ப்ரூஃபுக்குக் குறையக் கூடாது. தண்ணீரைத் தவிர நிறமோ மணமோ எதையும் சேர்க்கக் கூடாது. அமெரிக்கக் கணக்கில் ப்ரூஃபைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம் வந்துவிடும். 80 ப்ரூஃப் என்றால் 40 சதவீதம், 100 ப்ரூஃப் என்றால் 50 சதவீதம்.

இந்த விதிகள் ஒவ்வொன்றும் ருசியில் தெரியும். ப்ரூஃப் ஏற ஏற வடித்தால் தானியத்தின் வாசம் குறைந்துகொண்டே போகும், அதனால்தான் 160 என்ற அந்த வரம்பு. புதுப் பீப்பாய் என்ற விதிதான் போர்பனின் ருசியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கருக்கிய மரத்தின் மேல்பகுதி கரியாகி, புதிய சாராயத்தின் கந்தக வாடையை இழுத்துக்கொள்கிறது. கரிக்குக் கீழே, சூட்டில் மரத்தின் சர்க்கரை பாகாக மாறிய ஒரு சிவப்பு அடுக்கு இருக்கும். நிறமும் இனிப்பு வாசமும் அங்கிருந்துதான் வருகின்றன. நிறம் சேர்க்கக் கூடாது என்பதால் கிளாஸில் தெரியும் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது. ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் காரமல் சேர்க்க அனுமதி உண்டு, போர்பனில் கிடையாது.

ஒருமுறை போர்பன் முதிர்ந்த பீப்பாயில் மறுபடி போர்பன் செய்ய முடியாது. அதனால் பழைய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் கப்பலேறுகின்றன. பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் ஆகிய நம் ஊர் சிங்கிள் மால்ட்டுகளும் பெருமளவு இந்தப் பழைய போர்பன் பீப்பாய்களில்தான் முதிர்கின்றன. அவற்றைக் குடித்தவர்களுக்குப் போர்பனின் வெனிலா வாசம் முற்றிலும் புதிதாக இருக்காது.

அப்புறம், ஜாக் டேனியல்ஸ் போர்பனா என்ற கேள்வி எப்போதும் வரும். டென்னசியில் லின்ச்பர்க் ஊரில் செய்யப்படும் அந்த விஸ்கியைப் பீப்பாயில் ஊற்றும் முன் மேப்பிள் மரக்கரி வழியாக மெதுவாக வடிகட்டுகிறார்கள். தயாரிப்பாளர்கள் அதை டென்னசி விஸ்கி என்றே விற்கிறார்கள். மற்றபடி இரண்டும் நெருங்கிய உறவு. தேன், இலவங்கப்பட்டை என்று சுவை சேர்த்து விற்கும் பாட்டில்கள் மட்டும் போர்பன் கணக்கில் வராது.

லேபிளைப் படிப்பது

முதலில் தேட வேண்டிய சொல் 'ஸ்ட்ரெய்ட்'. வெறும் 'போர்பன்' என்றால் எத்தனை காலம் முதிர வேண்டும் என்று குறைந்தபட்ச வரம்பே இல்லை. 'ஸ்ட்ரெய்ட் போர்பன்' என்றால் குறைந்தது 2 ஆண்டு. 4 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் வயதைக் கட்டாயம் அச்சிட வேண்டும். ஆக, ஸ்ட்ரெய்ட் என்று போட்டு வயது எதுவும் போடாத பாட்டிலில் இருப்பது குறைந்தது 4 ஆண்டு முதிர்ந்தது. வயது அச்சிட்டிருந்தால், அது உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் இளையதன் வயது. 'பிளெண்டட் போர்பன்' என்று இருந்தால் உள்ளே வெறும் ஆல்கஹாலும் கலந்திருக்கலாம். அதைத் தவிருங்கள்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் வைக்க வேண்டிய சொல்: 'பாட்டில்ட் இன் பாண்ட்'. இதன் வரலாறு தெரிந்தால் அந்தச் சொல்லின் மதிப்பு புரியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் விஸ்கி என்று விற்றதில் பெரும்பகுதி கலப்படம். மலிவான ஆல்கஹாலில் புகையிலை, உலர்பழச் சாறு, அயோடின் வரை சேர்த்து நிறம் ஏற்றி விற்றார்கள். ஒழுங்காக விஸ்கி வடித்தவர்களுக்கு இது பெரிய அடி. கென்டக்கியின் ஃப்ராங்க்ஃபோர்ட் ஊரின் ஆலை அதிபர் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லரும், நிதித்துறைச் செயலாளராக இருந்த ஜான் கார்லைலும் முன்னின்று உழைத்ததில் 1897-ல் பாட்டில்ட் இன் பாண்ட் சட்டம் வந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில், அதாவது ஜனவரி முதல் ஜூன் வரை அல்லது ஜூலை முதல் டிசம்பர் வரை வடித்ததாக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு முதிர வேண்டும். சரியாக 100 ப்ரூஃபில் அடைக்க வேண்டும். எந்த ஆலையில் வடித்தது என்பதை லேபிளில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உணவு, மருந்துக் கலப்படத்தைத் தடுக்கும் பொதுச் சட்டம் 1906-ல்தான் வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே விஸ்கி குடிப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

ஆலையின் பெயர் இல்லாவிட்டாலும் எண் இருக்கும். டிஎஸ்பி (மதுபானம் வடிக்கும் ஆலை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகளுக்குப் பின் மாநிலக் குறியும் எண்ணும் வரும். கென்டக்கி 1 என்றால் லூயிவில் நகரில் ஹெவன் ஹில் நிறுவனம் நடத்தும் பெர்ன்ஹைம் ஆலை. கென்டக்கி 113 என்றால் ஃப்ராங்க்ஃபோர்ட்டின் பஃபலோ டிரேஸ். இந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், வெவ்வேறு பெயர்களில் அலமாரியில் நிற்கும் பல பாட்டில்கள் ஒரே ஆலையின் பிள்ளைகள் என்பது தெரியவரும்.

'ஸ்மால் பேட்ச்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. பத்துப் பீப்பாயைக் கலந்தாலும் ஸ்மால் பேட்ச்தான், சில நூறைக் கலந்தாலும் ஸ்மால் பேட்ச்தான். அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 'சவர் மேஷ்' என்பதும் அப்படித்தான். முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளித்த நீரைப் புதிய கலவையில் சேர்த்து அமிலத்தைச் சீராக வைப்பது அந்த முறை. இன்று அநேகமாக எல்லாப் போர்பனும் அப்படித்தான் செய்யப்படுகிறது. 'சிங்கிள் பேரல்' என்றால் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பியது. 1984-ல் தலைமை வடிப்பாளர் எல்மர் டி. லீ கொண்டுவந்த பிளாண்டன்ஸ் போர்பன்தான் இந்த வகையைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது. பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறும் என்பதால் போன முறை பிடித்த பாட்டில் இந்த முறை கொஞ்சம் வேறாக இருக்கும். அந்த வித்தியாசத்தை ரசிக்கிறவர்களுக்குத்தான் அது ஏற்றது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின்பக்க லேபிளையும் திருப்பிப் பாருங்கள். விற்பவர் வேறு, வடித்தவர் வேறாக இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். இண்டியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்கில் உள்ள ஒரு பெரிய ஆலை (எம்ஜிபி என்ற பெயரில் அறியப்படுவது) பல பிராண்டுகளுக்கு விஸ்கி வடித்துக் கொடுக்கிறது. அந்த விஸ்கி நன்றாகவே இருக்கும். ஆனால் முன்பக்கத்தில் பரம்பரைக் குடும்ப ஆலைக் கதையை அச்சிட்டு, பின்பக்கத்தில் 'இண்டியானாவில் வடித்தது' என்று போட்டிருந்தால், கதைக்குச் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் உண்டு. வைல்டு டர்க்கியும் ஃபோர் ரோசஸும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தானியத்தைப் பார்த்துத் தேர்வது

எல்லாப் போர்பனிலும் மக்காச்சோளம்தான் முதன்மை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுக்காகக் கொஞ்சம் முளைகட்டிய பார்லியும் சேரும். மூன்றாவதாகச் சேரும் தானியம்தான் ருசியின் திசையைத் தீர்மானிக்கிறது.

அது ரை என்ற தானியமாக இருந்தால் காரம் வரும். மிளகு, கிராம்பு, கொஞ்சம் புதினா வாசம். பெரும்பாலான போர்பன்களில் ரை 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். வைல்டு டர்க்கியில் 13 சதவீதம். 20-ஐத் தாண்டினால் அதை ரை மிகுந்த வகை என்பார்கள். ஓல்டு கிராண்ட்-டாட், புல்லட் இரண்டும் இந்த வகை. ஃபோர் ரோசஸ் இதில் தனி ரகம். இரண்டு தானியக் கலவைகளை (ஒன்றில் ரை 20 சதவீதம், மற்றதில் 35 சதவீதம்) ஐந்து வகை ஈஸ்ட்டோடு சேர்த்துப் பத்து வெவ்வேறு விஸ்கிகள் வடிக்கிறார்கள். சிலவற்றில் பழவாசம் தூக்கும், சிலவற்றில் மூலிகை வாசம் வரும். ஈஸ்ட் இவ்வளவு செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அவர்களுடைய விஸ்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும்.

ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தால் காரம் இறங்கி, தேனும் ரொட்டியும் போன்ற மென்மை வரும். மேக்கர்ஸ் மார்க் இதற்கு நல்ல உதாரணம். 70 சதவீதம் மக்காச்சோளம், 16 சதவீதம் கோதுமை, 14 சதவீதம் பார்லி. 1953-ல் பில் சாமுவேல்ஸ் லொரெட்டோ ஊரில் ஒரு பழைய ஆலையை வாங்கி இந்த விஸ்கியைத் தொடங்கினார். பாட்டிலின் வடிவமும் கழுத்தில் வழியும் சிவப்பு மெழுகும் அவர் மனைவி மார்ஜியின் யோசனை. லார்செனி, வெல்லர், பலரும் தேடி அலையும் பாப்பி வான் விங்கிள் எல்லாம் கோதுமை வகைதான்.

உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படியின் நோக்கம். இஞ்சி, மிளகு தூக்கலாக இருக்கும் சாப்பாட்டை விரும்புகிறவர்களில் நிறையப் பேர் ரை பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தப் பக்கம்தான்.

ப்ரூஃப், வயது, கிடங்கு

வயது கூடக் கூட நல்லது என்ற எண்ணம் ஸ்காட்ச்சிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் குளிர்ச்சி, பழைய பீப்பாய், மெதுவான முதிர்ச்சி. கென்டக்கியில் கோடை சுட்டெரிக்கும், குளிர்காலம் உறையவைக்கும். சூட்டில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். அதுவும் புது மரம். அதனால் 6 முதல் 10 ஆண்டுக்குள் பெரும்பாலான போர்பன்கள் தங்கள் நல்ல நிலையை எட்டிவிடுகின்றன. 15-ஐத் தாண்டினால் பலவற்றில் மரத்தின் துவர்ப்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றின் விலையும் அப்படியே இருக்கும்.

கிடங்கும் முக்கியம். பல ஆலைகளில் ஏழு மாடி வரை உயர்ந்த கிடங்குகள். மேல்மாடியில் வெப்பம் அதிகம். ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ப்ரூஃப் ஏறும், மரத்தின் ருசி அடர்த்தியாகும். கீழ்மாடியில் எல்லாம் நிதானமாக நடக்கும். ஃபோர் ரோசஸ் மட்டும் வேண்டுமென்றே ஒரே தளம் கொண்ட கிடங்குகளைக் கட்டி இந்த வேறுபாட்டைக் குறைத்துவிட்டது. ஒரே சாராயம், ஒரே வயது, வெவ்வேறு மாடி என்றாலே ருசி மாறிவிடும் என்பதால் வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ப்ரூஃப் அப்படியில்லை, அது நேரடியாக ருசியைப் பற்றிப் பேசும். 80 ப்ரூஃபில் அடைத்த விஸ்கியில் தண்ணீர் அதிகம் சேர்ந்திருக்கும், வாசம் மெலிந்திருக்கும். 90 முதல் 101 வரை உள்ளவை என் கணிப்பில் மிகச் சரியான இடம். வாசமும் எண்ணெய்ப் பசையும் நிறைந்திருக்கும், வேண்டுமானால் நாமே தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். பீப்பாயிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் அப்படியே அடைக்கும், 120-க்கு மேல் போகும் பேரல் ப்ரூஃப் வகைகள், 1988-ல் ஜிம் பீம் ஆலையின் தலைமை வடிப்பாளர் புக்கர் நோ தன் பெயரில் கொண்டுவந்த புக்கர்ஸ் போன்றவை, அற்புதமானவை. ஆனால் அவற்றில் தொடங்கக் கூடாது. நாக்கு மரத்துப் போய், போர்பன் என்றாலே எரிச்சல் என்ற எண்ணம் தங்கிவிடும்.

பீப்பாய்க்குள் எந்த ப்ரூஃபில் ஊற்றுகிறார்கள் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் கவனிப்பார்கள். சட்டம் 125 வரை அனுமதிக்கிறது. 1962-க்கு முன் அது 110 ஆக இருந்தது. மேக்கர்ஸ் மார்க் இன்றும் 110-ல் நிற்கிறது. வைல்டு டர்க்கி 115. குறைந்த ப்ரூஃபில் ஊற்றினால் பீப்பாய்கள் அதிகம் தேவைப்படும், செலவு கூடும். ஆனால் பாட்டிலில் அடைக்கும்போது குறைவாகத் தண்ணீர் சேர்த்தால் போதும், மரத்தில் ஊறிய ருசி நீர்த்துப் போகாது.

முதல் மூன்று பாட்டில்கள்

ஒரே விலையுயர்ந்த பாட்டிலை வாங்குவதைவிட மூன்று நடுத்தர பாட்டில்கள் வாங்குவது நல்லது. ஒரு கோதுமை வகை, ஒரு சாதாரண ரை வகை, ஒரு ரை மிகுந்த வகை. நான் சொல்வது மேக்கர்ஸ் மார்க் 90 ப்ரூஃப், வைல்டு டர்க்கி 101, ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் 100 ப்ரூஃப். சிங்கிள் பேரலை ஒத்திப்போடச் சொன்னேன் என்றாலும், ஃபோர் ரோசஸ் அந்த வகையில் எப்போதும் ஒரே கலவையையும் ஒரே ஈஸ்ட்டையும் பயன்படுத்துவதால் ருசி அவ்வளவாக அலைபாயாது. செலவைக் குறைக்க வேண்டுமானால் அதற்குப் பதில் ஓல்டு கிராண்ட்-டாட் பாண்டட் (பாட்டில்ட் இன் பாண்ட் வகை). இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் பஃபலோ டிரேஸ், எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச், நாப் கிரீக் 9 ஆண்டு ஆகியவற்றில் ஒன்றை நம்பி எடுக்கலாம். அமெரிக்காவில் வசிப்பவர்கள் எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள் பாட்டிலைத் தவறவிடாதீர்கள். பாட்டில்ட் இன் பாண்ட் வகை, 100 ப்ரூஃப், விலையோ அலமாரியின் கீழ்த்தட்டு விலை.

இந்தியாவில் 2025 பிப்ரவரியில் போர்பன் மீதான சுங்க வரி 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மாநில வரிகள் அதற்கு மேல் தனி. அதனால் வெளிநாடு போய் வருகிறவர்கள் விமான நிலையக் கடையில் வாங்குவது இன்னும் லாபமாக இருக்கலாம். அங்கே நிற்கும்போதும் இதே கணக்குதான்: ஸ்ட்ரெய்ட் என்ற சொல்லைத் தேடுங்கள், 90 ப்ரூஃபுக்கு மேல், அதாவது 45 சதவீதத்துக்கு மேல் இருப்பதை எடுங்கள்.

பாப்பி வான் விங்கிள் போன்ற அரிய பாட்டில்களைத் துரத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். 2013-ல் பஃபலோ டிரேஸ் ஆலையிலிருந்தே அந்தப் பாட்டில்கள் திருடுபோன செய்தி உலகம் முழுக்கப் பரவியது, அவ்வளவு மோகம். ஆலை சொல்லும் விலையைப் போலப் பல மடங்குக்கு அவை கைமாறுகின்றன. நல்ல விஸ்கிதான். ஆனால் அந்தப் பணத்தில் ஓர் அலமாரி நிறைய நல்ல போர்பன் வாங்கி வருடக்கணக்கில் ரசிக்கலாம்.

கிளாஸில் ஊற்றிய பிறகு

கீழே அகன்று மேலே குறுகும் கிளென்கெய்ர்ன் கிளாஸ் இருந்தால் நல்லது, வாசத்தைச் சேர்த்துப் பிடிக்கும். இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். 30 மில்லி ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். முதலில் எழும் ஆல்கஹால் நெடி அடங்கட்டும். சென்னை வெயில் காலத்தில் அறை வெப்பமே 33 டிகிரி இருக்கும், நெடி மட்டுமே மூக்கில் ஏறும். பாட்டிலைக் குளிரூட்டிய அறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வாசம் அடைபட்டுவிடும்.

மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக இழுங்கள். வாய் திறந்திருந்தால் எரிச்சல் குறைந்து வாசம் தெரியும். வெனிலா பெரும்பாலும் முதலில் வரும். மரத்தின் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடைந்து உண்டாகும் வெனிலின்தான் காரணம். கிராம்பு வாசம் வந்தால் அது கற்பனை இல்லை. கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது. தேங்காய் வாசமும் அப்படித்தான், ஓக்கின் லாக்டோன் என்ற சேர்மத்திலிருந்து வருகிறது. ஜிம் பீம் குடும்பத்து விஸ்கிகளில் வறுத்த வேர்க்கடலை வாசத்தையும், ஓல்டு ஃபாரெஸ்டரில் வாழைப்பழ வாசத்தையும் பலர் சொல்வார்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் மேப்பிள் சிரப், பட்டர்ஸ்காட்ச், கருஞ்செர்ரி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நீங்கள் சாப்பிட்டுப் பழகாத வாசத்தை உங்கள் மூக்கு கண்டுபிடிக்காது, தேடி அலுத்துப்போக வேண்டாம். கருப்பட்டிப் பாகு, ஏலக்காய், பேரீச்சை, வறுத்த கடலை, பழைய மரப்பெட்டி என்று உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நினைவில் இருக்கும் பெயர்தான் அடுத்த முறை அந்த வாசத்தை அடையாளம் காட்டும்.

முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். மிகச் சிறிதாக எடுத்து வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாவது மிடறில் விஸ்கியை மெல்லுவது போல வாய்க்குள் அசைத்துப் பாருங்கள். புக்கர் நோ பிரபலப்படுத்திய இந்தப் பழக்கத்துக்குக் கென்டக்கி மெல்லல் என்று பெயர். நாக்கின் எல்லாப் பகுதியிலும் விஸ்கி படும். விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதி ருசி அப்போதுதான் தெரியும். நெஞ்சில் மெதுவாகப் பரவும் வெதுவெதுப்பும், வாயில் தங்கும் ருசி எத்தனை நேரம் நிற்கிறது என்பதும் ஒரு போர்பனின் தரத்தைச் சொல்லிவிடும்.

மூன்று பாட்டிலையும் ஒரே நாளில் ஒப்பிடுவதானால் ஒவ்வொன்றிலும் 15 மில்லி போதும். ப்ரூஃப் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். நடுவே தண்ணீர் குடியுங்கள், உப்பில்லாத ரொட்டித் துண்டு சாப்பிடுங்கள். காரசாரமான சைட் டிஷ்ஷை ருசி பார்த்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மிளகாய் ஏறிய நாக்கில் ரையும் கோதுமையும் ஒன்றாகத்தான் தெரியும்.

தண்ணீர், ஐஸ், மிக்சிங்

ராவாகக் குடித்தால்தான் ரசிகன் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வடிப்பவர்களே தண்ணீர் சேர்த்துத்தான் ருசி பார்க்கிறார்கள். அரை டீஸ்பூன் சேர்த்து, மறுபடி முகர்ந்து பாருங்கள். அதுவரை ஒளிந்திருந்த பழவாசம் மேலே வரலாம். பேரல் ப்ரூஃப் விஸ்கிக்குக் கணக்கே போடலாம். 60 சதவீத விஸ்கி 30 மில்லியில் 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் 45 சதவீதத்துக்கு இறங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் வேண்டாம்.

ஐஸ் போடுவதானால் ஒரே பெரிய கட்டி. சின்னச் சின்னக் கட்டிகள் சீக்கிரம் கரைந்து விஸ்கியை நீர்த்துவிடும். வெயில் நாளில் 101 ப்ரூஃப் விஸ்கியில் ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டு மெதுவாகக் குடிப்பது எனக்கு மிகவும் பிடித்தமானது. கரையக் கரைய ருசி மாறிக்கொண்டே வரும். சோடா, இஞ்சி ஏல் இரண்டும் போர்பனோடு நன்றாகச் சேரும். கோலா ஊற்றுவதானால் விலை குறைந்த பாட்டிலில் ஊற்றுங்கள். அதன் இனிப்பு எல்லா நுணுக்கத்தையும் மூடிவிடும்.

காக்டெயில்களில் ஓல்டு ஃபேஷன்டு ஒன்றைக் கற்றுக்கொண்டாலே போதும். கிளாஸில் ஒரு டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்பான மூலிகைச் சாறு) இரண்டு மூன்று துளி வீச்சு, 60 மில்லி போர்பன், பெரிய ஐஸ் கட்டி. அரை நிமிடம் கலக்குங்கள். ஆரஞ்சுத் தோல் துண்டை மேலே பிழிந்து, அதன் எண்ணெய் தெறித்த பிறகு உள்ளே போடுங்கள். இதற்கு 100 ப்ரூஃப் விஸ்கிதான் சரி, 80 ப்ரூஃப் காணாமல் போய்விடும். புதினா பிடிக்கும் என்றால் மின்ட் ஜூலெப். பாகில் புதினா இலையை லேசாக நசுக்கி, போர்பன் ஊற்றி, நொறுக்கிய ஐஸைக் குவிக்க வேண்டும். லூயிவில் நகரின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தின் அதிகாரபூர்வ பானம் 1938 முதல் இதுதான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 40 சதவீத விஸ்கியில் 44 மில்லி. 60 சதவீத விஸ்கியில் அதே ஆல்கஹால் 30 மில்லியிலேயே வந்துவிடும். பேரல் ப்ரூஃபை வழக்கமான 60 மில்லி பெக்காக ஊற்றினால் இரண்டு டிரிங்க் உள்ளே போய்விடும். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

திறந்த பாட்டிலை வைப்பது

ஒயினைப் போலப் படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கடுமையான ஆல்கஹால் தொடர்ந்து பட்டால் தக்கை உதிர்ந்துவிடும். வெயில் படாத அலமாரி போதும். திறக்காத பாட்டில் பல ஆண்டு தாங்கும், ஆனால் கண்ணாடிக்குள் முதிராது. 6 ஆண்டு விஸ்கி எத்தனை வருடம் வைத்தாலும் 6 ஆண்டு விஸ்கிதான். திறந்த பிறகு காற்று மெதுவாக வேலை செய்யத் தொடங்கும். முதல் சில வாரங்களில் அது நன்மையே செய்யும், முரட்டுத்தனம் குறையும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் காற்று அதிகமாகி வாசம் மங்கும், சில மாதங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குக் கழுத்து வரை நிரப்பி மாற்றி, மூடியில் விஸ்கியின் பெயரும் மாற்றிய தேதியும் எழுதி ஒட்டிவையுங்கள்.